கேக்கறதுக்கு முந்தி நீட்டுன கை

நாகலூர்,
ஐப்பசி, வெள்ளிக்கெழமை.

அன்பு மகள் தனலட்சுமிக்கு அப்பன் எழுதறது. நாங்க மூணு பேரும் இங்க மழையில ஊறிக்கிட்டே சௌக்கியமா இருக்கறோம், நீ அங்க மஸ்கட்டுல வெயில்ல காஞ்சுக்கிட்டே சௌக்கியமா இருக்கோணும்னு சேர்வராயன் சாமியக் கும்பிட்டுக்கறோம். உன் கடிதாசு போன வாரம் வந்துச்சு. மொதல் வரியிலயே கேசு என்னாச்சுப்பான்னு கேட்டுட்டு ரெண்டாவது வரியிலதான் அம்மா முட்டி வலி எப்படி இருக்குதுன்னு கேட்டிருக்கற. படிச்சுக் காட்டுனதும் உங்கம்மா, உங்க மகளுக்கு என் முட்டியவிட அந்த ஏட்டு மேலதான் அக்கறைன்னு ஒரு நாள் பூரா மொணமொணன்னுட்டிருந்தா. வலி அப்படியேதான் இருக்குது கண்ணு. நீ அனுப்புன தைலம் நல்லாத்தான் கேக்குது, ஆனா தடவிக்கிட்டு ஒரு எடத்துல உக்காந்தாத்தானே, தடவுன கையோட எஸ்டேட்டுக்குக் கெளம்பிடறா. காப்பிப் பழம் இன்னும் சரியாச் செவக்கலை, அதுக்குள்ள மழை போட்டு அடிக்குது, பழமெல்லாம் கீழ கொட்டிருமோன்னு மேஸ்திரிங்க பயந்துக்கிட்டு இருக்காங்க. மலைப்பாதையில ஒரு வளைவுல மண்ணு சரிஞ்சு சேலத்து பஸ்சு ஓடலை, அதனாலதான் இந்தக் கடிதாசும் உனக்கு லேட்டா வரும். தம்பி சின்னன் எஸ்டேட் ஜீப்பைத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கறான். நீ வாங்கி அனுப்புன டிரைவர் வேலை ஆர்டர் பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காட்டிட்டான், வெள்ளக்கடையில போயி மாமன் ஊட்லகூடக் காட்டிட்டு வந்துட்டான். பாஸ்போர்ட்டு வர்றதுக்கு முந்தி அந்தப் பேப்பரு கிழிஞ்சு போகாம இருந்தாச் சரி.

சுத்தி வளைச்சு என்ன ஆகப்போவுது, நீ கேட்டதுக்கு வர்றேன். கேசு தோத்துப்போச்சு கண்ணு. ஏட்டு கந்தசாமிய விட்டுட்டாங்க. இப்ப இல்லை, ஆடி மாசமே தீர்ப்பு ஆயிருச்சு. அப்பறம் எழுதுன கடிதாசுலயெல்லாம் வாய்தா போட்டிருக்காங்க, ஜட்ஜு லீவுல இருக்காருன்னு நான் எழுதுனதெல்லாம் புளுகு. எழுதறப்பவே கை கூசுச்சு. ஆனா அங்க ஒண்டியா இருக்கற புள்ளைக்கு இதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. நீ அன்னிக்குச் சொன்னது இன்னும் காதுல இருக்குது. உன் பாஸ்போர்ட்டு விசாரணைக்குன்னு அந்த ஏட்டு நம்மூட்டுக்கு வந்து, பணம் குடுத்தாத்தான் நல்லபடியா எழுதுவேன்னு கூச்சநாச்சம் இல்லாமக் கேட்டாரே, நீ காப்பி டம்ளரை வச்சுக்கிட்டு அங்கயேதான நின்ன. அந்தாளு அக்கட்ட போனதும், நான் நர்ஸ் படிச்சது இவனுக்குக் குடுக்கறதுக்கா, ஒரு தடவையாச்சும் நிமிந்து நில்லுப்பான்னு அழுதே. எனக்கு அது சுருக்குன்னு குத்திருச்சு. அந்த வேகத்துலதான் சேலத்துக்குப் போயி லஞ்ச ஒழிப்பு ஆபீசுல எழுதிக் குடுத்தேன், இல்லாட்டி நானாவது, போலீசு மேல கேசு குடுக்கறதாவது.

ஏட்டைப் புடிக்க வச்ச பொறியில என்ன நடந்துச்சுன்னு உனக்கு நான் முழுசாச் சொன்னதில்லை. புடிச்சுட்டாங்க, கையக் கழுவுனா ரோஸ் கலரு வந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னேன், நீயும் அந்தச் சந்தோசத்துல பிளேன் ஏறிட்ட. நடந்தது இதுதான். அந்த ஆபீசுல நோட்டு மேல ஒரு வெள்ளைப் பவுடரத் தடவி என் சட்டைப் பையில அவங்களேதான் வச்சாங்க, நான் தொடக்கூடாதுன்னாங்க. மின்சார ஆபீசுல வேலை பாக்கற ஒருத்தரை சாட்சிக்கு என்கூட அனுப்புனாங்க, கேட்டா மச்சான்னு சொல்லுங்கன்னாங்க. அங்க இருந்த இன்ஸ்பெக்டரு தங்கமான மனுசன், சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னாரு. பெரியவரே, ஏட்டு வாயத் தொறந்து கேக்கோணும், கேட்டப்பறம்தான் நீங்க எடுத்துக் குடுக்கோணும், அதுக்கு முந்தி பைப் பக்கம் கையே போகக்கூடாது, கேட்டு வாங்குனாத்தான் கேசு நிக்கும்னாரு. நானும் சரிங்க சரிங்கன்னு மண்டைய ஆட்டுனேன். குடுத்த பொறவு தலைத்துண்டை அவுத்து மொகத்தைத் தொடைக்கோணும், அதுதான் சாடை.

ஏட்டு டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தாரு. போனேன். என்ன மாரிசாமி வந்துட்டியான்னாரு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தகரக்கூரையில மழை சடசடன்னு கொட்டுது. நான் முன்னால நிக்கறேன், அவரு கேப்பாரு கேப்பாருன்னு பாக்கறேன், கேக்கலை. கண்ணு, எனக்கு அப்படி நிக்கறது தாங்க முடியலை. உனக்கே தெரியும், நம்ம ஊட்டுக்கு ஒருத்தர் வந்தா சோறு திங்கறீங்களான்னு கேக்கற வழக்கம் நம்மகிட்ட கெடையாது, எலையப் போட்டுருவோம். வந்த மனுசன் வாயத் தொறந்து கேக்கற மாதிரி வச்சுட்டா அது ஊட்டுக்கே அசிங்கம்னு நெனைக்கற சனம் நாம. எஸ்டேட்டுலயும் அப்படித்தான இருந்தோம், தீவாளிக்குக் கணக்கு எழுதற ரைட்டருக்கு, பொங்கலுக்கு வேலை வாங்கற கண்டக்டருக்கு, யாரு கேட்டாங்க, நாமளே கொண்டு போயி நின்னோம். மேல இருக்கறவங்க ஒருத்தர் பேசாம இருந்தா நம்ம கை தன்னால நீண்டுரும். அன்னிக்கும் நீண்டுருச்சு. வச்சுக்கங்க ஏட்டையான்னு நானே எடுத்து நீட்டிட்டேன். அவரும் வாங்கிப் பையில வச்சுக்கிட்டாரு. நான் துண்டை அவுத்தேன், எங்கிருந்தோ ஓடி வந்து புடிச்சாங்க, கண்ணாடி டம்ளருல ஏட்டு கைய நனைச்சா, அந்தப் பவுடரு பட்டு தண்ணி ரோஸாப் பூ மாதிரி ஆயிருச்சு. அவரு மொகம் செத்துப்போச்சு. பாவம்னுகூடத் தோணுச்சு எனக்கு, என்ன பண்றது, நம்ம புத்தி அப்படி. ஏட்டு பணம் கேட்டாருதானேன்னு ஒரு ஆபீசரு கேட்டாரு. நான் ஊட்ல வந்து கேட்டதை நெனச்சு ஆமாங்கன்னு தலைய ஆட்டிட்டேன். யாரும் எங்க கேட்டாரு, எப்பக் கேட்டாருன்னு அந்த அவசரத்துல தோண்டலை.

அது அத்தனை வருசம் கழிச்சுக் கோர்ட்டுல வந்து நிக்கும்னு எனக்கென்ன தெரியும். கேசு நடக்கறதுக்குள்ள அந்த ஏட்டோட மச்சினன் நம்மூட்டுக்கு எத்தனை நடை நடந்தான், ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லிருங்க மாமான்னு கெஞ்சுனான், அப்பறம் மெரட்டுனான். நான் மசியலை கண்ணு, அது வரைக்கும் உன் அப்பன் நிமிந்துதான் நின்னேன். கூண்டுல ஏறி நம்மூட்ல அவரு கேட்டதைப் பூராச் சொன்னேன். ஏட்டோட வக்கீலு கேட்டுக்கிட்டே இருந்துட்டு, ஊட்ல கேட்டப்ப வேற யாரு இருந்தாங்கன்னாரு. என் மகள்னேன். எங்கன்னாரு. மஸ்கட்டுலன்னேன். உனக்கு அனுப்புன சம்மனும் திரும்பி வந்துருச்சாம். உங்கம்மா அன்னிக்கு எஸ்டேட்டுல இருந்தா. இதுக்கு நீ உன்னைய நொந்துக்காத, நீ அங்க போகோணும்னுதான இத்தனையும். அப்பறம் அந்த வக்கீலு மெதுவா, ரொம்ப மரியாதையா, பெரியவரே, டீக்கடையில ஏட்டு பணம் வேணும்னு வாயத் தொறந்து கேட்டாரான்னு கேட்டாரு. கூட வந்த மின்சார ஆபீசுக்காரரு மழைச் சத்தத்துல ஒண்ணுமே காதுல உழுகலைன்னு ஏற்கெனவே சொல்லிட்டாரு. இனி நான் சொல்றதுதான். நம்ம அரசாங்க வக்கீலு என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு. கேட்டாருன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேணும். வாயில வரலை. உண்மையச் சொல்றேன்னு இப்பத்தான சாமி மேல சத்தியம் பண்ணுனேன். அவரு கேக்கலீங்க, நானாத்தான் குடுத்தேன்னு சொல்லிட்டேன். ஏட்டோட வக்கீலு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை, உக்காந்துட்டாரு. கீழ எறங்கறப்ப அந்த இன்ஸ்பெக்டரு, ரிட்டேர்டு ஆயிட்டாரு பாவம், என் தோளைத் தொட்டு, பொய் சொல்லாம இருந்தீங்களே, போங்கன்னாரு. திட்டியிருந்தாத் தேவலை. எனக்கு அந்த ஏட்டு செயிலுக்குப் போகலையேன்னு ஆத்திரம் இல்லை கண்ணு, நீ ஆசைப்பட்டு ஒரே ஒரு தடவை நிமிந்து நில்லுன்ன, அது என் கையாலயே கெட்டுப்போச்சேன்னுதான் நெஞ்சு அடிச்சுக்குது. வருசக்கணக்கா ஆபீசருங்க பட்ட பாடும் வீண், உன் கண்ணீரும் வீண். வெளிய புளியமரத்தடியில உக்காந்திருந்த உங்கம்மாகிட்ட, தோத்துட்டோம் வா போலாம்னேன், ஏன்னு அவளும் கேக்கலை, நானும் சொல்லலை.

இதை இப்ப எழுதறதுக்குக் காரணம் இருக்குது. அந்த ஏட்டுக்கு மறுபடி வேலை குடுத்துட்டாங்க. எங்கயாவது அக்கட்ட தூக்கிப் போடுவாங்கன்னு பாத்தா, எந்த மகராசன் கையெழுத்துப் போட்டானோ, பழைய ஸ்டேஷனுக்கே வந்துட்டாரு. தம்பி பாஸ்போர்ட்டு விசாரணைக்கு முந்தாநேத்து அவரேதான் வந்தாரு, மழைக்கோட்டோட. சின்னன் ஜீப்பு எடுத்துக்கிட்டு ஏற்காடு போயிருந்தான், நல்லவேளை. வாங்கன்னு நாற்காலியப் போட்டேன். ரேஷன் கார்டைப் பாத்தாரு, போட்டோவைப் பாத்தாரு, உங்கம்மா குடுத்த காப்பியக் குடிச்சாரு. பழைய கதை ஒண்ணும் பேசலை, மொறைக்கக்கூட இல்லை. அப்பறம் டம்ளரைக் கீழ வச்சுட்டு, பேசாம உக்காந்து வாசல்ல மழையப் பாத்தாரு. டீக்கடையில பாத்த அதே பார்வை. அந்தாளும் கோர்ட்டுல ஒரு பாடம் படிச்சுக்கிட்டாரு போல, கேக்காம உக்காந்திருந்தாலே போதும்னு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டு நானும் மழையப் பாத்தேன். உன் மொகத்தைத்தான் நெனச்சுக்கிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியலை, கை மரத்துப்போச்சு. கடைசில அவரே எந்திரிச்சு, சரி மாரிசாமி, எழுதி மேல அனுப்பிடறேன்னு சொல்லிட்டு வாசப்படி எறங்கிட்டாரு. நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கலை கண்ணு. எந்திரிச்சா எங்க கை நீண்டுருமோன்னு பயம். வண்டி கெளம்பற சத்தம் கேட்டதும், செயிச்சுட்டோம்டா மாரிசாமின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், உன் தம்பி வந்ததும் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம். உனக்கு எழுதோணும்னு அப்பவே பேனாவ எடுத்துட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் பாத்தா, உனக்குக் குடுத்து உடறதுக்குன்னு வறுத்து அரைச்சு வச்சிருந்த காப்பித்தூள் பையை அலமாரியில காணோம். எங்கன்னு உங்கம்மாவக் கேட்டேன். அடுப்பப் பாத்துக்கிட்டே நின்னா. மறுபடி கேட்டேன். கொல்லை வழியாச் சுத்திப் போயி, வண்டி நிறுத்தியிருந்த எடத்துல ஏட்டுகிட்டக் குடுத்துட்டாளாம். மொளகு வித்த பணத்தை அந்தத் தூளுக்குள்ளயே வச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு, அந்தாளு உன்கிட்டக் கேட்டானான்னு கத்திட்டேன். ஏனுங்க கத்தறீங்க, அவரு கேக்கலீங்க, நானாத்தான் குடுத்தேன், நம்ம சின்னனும் இந்தக் காப்பிச் செடிக்குள்ளயே கெடக்கறதான்னா. கோர்ட்டுக்குள்ள அவ வரவே இல்லை தனம், நான் அங்க என்ன சொன்னேன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. கைகழுவிட்டு வந்து சோத்துக்கு உக்காந்தேன், கேக்காமயே தட்டுல போட்டா.

சின்னனுக்குப் பாஸ்போர்ட்டு வந்துரும் கண்ணு. அவன் அங்க வந்து சேந்தான்னா அவனை நல்லபடியாப் பாத்துக்க, கடங்காரப் பய ஏசியில குளுருதும்பான், போர்வை வாங்கி வை. உங்கம்மா குடுத்தது அவனுக்குத் தெரிய வேண்டாம், அப்பன் கைய அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்ததாலயே வந்த பாஸ்போர்ட்டுன்னு நெனச்சுக்கிட்டே வரட்டும். உங்கம்மாவையும் வையாத, வையறதுன்னா என்னைய வை. நேரத்துக்குச் சாப்புடு, ராத்திரி டூட்டி முடிஞ்சா காதுல துணி கட்டிக்கிட்டு வா. சேர்வராயன் உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும், நாங்க இங்க தலை நரைச்சு இருந்தாலும் நீங்க அங்க தழைச்சு இருங்க. உன் காப்பித்தூளு போச்சேன்னு நெனைக்காத, மழை விட்டதும் வேற வறுத்து யாராவது வர்றவங்ககிட்டக் குடுத்து உடறோம், நீ கேக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பன்
மாரிசாமி