உள்ளே முட்டுக் கொடுத்தது யார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, பசியோடு படுக்காதே. ‘பாடி’ என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையை நம் ஜனங்கள் எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று உன் படிப்புக்காகக் கேட்டிருந்தாய். சிரித்துவிட்டேன். பஸ்ஸுக்குப் பாடி கட்டிப் பிழைக்கிறவனிடமா இந்தக் கேள்வி? எங்களுக்கு இன்ஜினும் சக்கரமும் போக மிச்சமெல்லாம் பாடி. அம்மாவைக் கேட்டேன். கொடியில் காய்ந்த தன் உள்பாடியைச் சட்டென்று உருவிக்கொண்டு, இதையும் எழுதி அனுப்புங்கள், பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பார்கள் என்றாள். சித்தி அவள் தெருவில் உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவனைச் சொன்னாள். நல்ல பாடியாம், கழுத்துக்கு மேலேதான் காலி மனையாம். இன்னும் ஒன்று இருக்கிறது. அதை ஃபோனில் சொல்ல வராது, அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் காகிதம். எழுதியதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

உன் சித்தப்பா போன வாரம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டறையை விட்டு வெளியேறினான். இன்னும் வீடு திரும்பவில்லை. சித்தியிடம் அவனுக்கு வெளியூர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கு ஃபோன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறான். எங்கள் வேலை உனக்குத் தெரியும். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நான் தகட்டுத் துளையில் ரிவெட் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிப்பேன், உள்ளே அவன் குனிந்து உட்கார்ந்து இரும்புக் கட்டையால் அதற்கு முட்டுக் கொடுப்பான். ஜன்னலுக்குக் கீழே இருப்பவன் வெளியே தெரிய மாட்டான், பேசினாலும் கேட்காது. ஆகவே தட்டுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. இரண்டு தட்டு என்றால் இன்னொரு அடி போடு. அன்றைக்கு அவன், ஆயுசு பூரா நானே உள்ளே வேகணுமா, ஒரு நாள் சுத்தியலைக் கொடேன் அண்ணா என்றான். நான் தரவில்லை. கட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை நான் முதல் ரிவெட்டை வைத்து வெறுமனே ஒரு அடி அடித்தேன். முட்டு இல்லாவிட்டால் அது உள்ளே நழுவி விழ வேண்டும். விழவில்லை. ஒரு தட்டு வந்தது. சரி, துரை முகத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். என்ன, துரைக்கு இன்னும் கோபம் தீரவில்லையா என்று தகட்டில் வாயை வைத்துக் கத்தினேன். ஒரு தட்டு. ஒரு பக்கம் முழுவதும் அடித்து முடித்தோம். அவ்வளவு சுத்தமாக நாங்கள் அடித்ததே இல்லை. டீ வந்தபோது வெல்டர் வந்து, அண்ணே தனியா யார்கிட்ட சண்டை போடுறீங்க என்றார். உள்ளே ஏறிப் பார்த்தேன். யாரும் இல்லை. கட்டை சித்தப்பா போட்ட இடத்திலேயே கிடந்தது. ரிவெட்டுகளைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் இறுகித் தலை விரிந்து உட்கார்ந்திருந்தன.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பட்டறை ஓனர் அவனைக் காணவில்லை என்று போலீஸில் சொல்லி வைத்திருந்தார். பிணவறைக் காவலாளி நல்ல மனுஷர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு, பாடி உங்களோடதா பாருங்க என்றார். தினமும் ஊர்ப்பட்ட பஸ்ஸுக்கு அந்த வார்த்தையைச் சொன்ன வாய் எனக்கு. விலக்கச் சொல்லிக் கையைத்தான் காட்டினேன். துணியை விலக்கினார். அவன் இல்லை. வேறு யாரோ, என் வயசு. முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் அந்த ஆளுக்கென்று யாரும் வரவில்லை என்பது உறைத்தது. அறையைச் சுற்றிலும் இரும்புக் கதவுகள், வரிசையாக. ஒன்றைத் தட்டிப் பார்க்கக் கை போயிற்று. தட்டவில்லை. பதில் வந்துவிட்டால்?

பஸ் பெயிண்டுக்குப் போக வேண்டும், ஓனர் குதிக்கிறார். மறுபக்கம் சண்டைக்கு முன்னாலேயே அடித்தது, அதில் ஒரே ஒரு தகடு பாக்கி. அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் கடைசித் தகட்டையும் ஏற்றி உள்ளே வைத்து அடைக்க மனசு வரவில்லை.

அதனால் நீ ஒரு காரியம் செய். உன் நம்பரிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிடு, உனக்கென்றால் எடுப்பான். சுத்தியல் அவனுக்குத்தான், இனி அண்ணன் உள்ளே உட்காருகிறேன் என்று சொல். எங்கே இருக்கிறாய் என்று கேட்காதே, கோபம் வரும். சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். அம்மாவும் நானும் உன்னை நினைக்காத வேளை இல்லை. நல்ல மனுஷர்கள் நடுவில் நீண்ட ஆயுசோடு இரு.

மறந்துவிடாதே, இன்றைக்கே கூப்பிடு. யாரோ ஃபோனை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் மட்டும் உடனே வைத்துவிடு. உன் சித்தப்பாவுக்கு உன்னிடம் பேசாமல் இருக்கத் தெரியாது.

ஆசிகளுடன்,
அப்பா