லத்தாவில் வாங்கிய இறைச்சி

பசுந்தாங்,
ரங்கூன்.

அன்பு மகள் அனுவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பெர்த்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தெரிந்தது பர்மா எழுத்துதான், அதனால் தமிழில் எழுதி, அடுத்த வாரம் அங்கே வருகிற கோபிகிருஷ்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உனக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மெதுவாகப் படி, ஆனால் பாதியில் நிறுத்திவிடாதே.

மழை இன்னும் விடவில்லை, மாடிப்படி எல்லாம் பாசி, உன் அம்மா ஒருநாள் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள், இப்போது தேவலை. கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, சில நாள் விடிகிற நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடும். கோயில் அன்னதானத்துக்கு வழக்கம்போல நான்தான் சாம்பார் வைக்கிறேன், ஆனால் கொஞ்ச நாளாகக் கரண்டியைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. தவ்ஹீத் கல்யாண விருந்துக்கு நான் செய்த பன் படத்தை அனுப்பச் சொல்லி நீ நாலு முறை கேட்டாய், நான் நாலு முறையும் பேச்சை மாற்றினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ உன் கடையில் செய்கிற அந்தக் குட்டி பன்னை, ஸ்லைடர் என்கிறாயே அதை, போனில் பார்த்ததிலிருந்து எதிர்வீட்டுத் தவ்ஹீத், மாமா என் விருந்துக்கு அனு அக்கா பன்தான் வேணும், உங்க ஓவன்ல நீங்கதான் சுடணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. மாட்டிறைச்சி என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன், அந்த ரெண்டு நாளும் உன் அம்மா ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் உன் சித்தி வீட்டில் இருந்தாள், வந்ததும் ஆட்டுக்கறி என்று சொல்லிவிட்டேன். தவ்ஹீத், அய்யூப் பாய் கடையில் இறைச்சி நானே வாங்கித் தருகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். சமைக்கிறவன்தான் துண்டைப் பார்த்து எடுக்கணும் என்று பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன். உண்மை அது இல்லை அம்மா. அய்யூப் பாய் கடைச் சிவப்புப் பையைப் பசுந்தாங்கில் அறியாதவர் யார், அந்தப் பை நம் வீட்டுக்குள் நுழைவதைக் கோயில்காரர்கள் யாராவது பார்த்தால் நாளைக்கு என்னை அடுப்புப் பக்கம் விடுவார்களா என்ற பயம்.

அதனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, சீனர்கள் இருக்கிற லத்தா பேட்டைக்குப் போனேன். அங்கே சந்தில் ஒரு சீனக்கார இறைச்சிக் கடை, என்னை யாருக்கும் தெரியாது. கடைக்காரப் பெண், என்ன வேணும் ஊலே, பெரிசா ஒரே துண்டா வேணுமா என்று மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டு, பக்கத்திலிருந்த பன்றித் தொடையை ஒதுக்கிவிட்டு அதே கட்டையில், அதே கத்தியில் வெட்டிக் கொடுத்தாள். கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் மனசு முழுக்க என் பாவம், என் கோயில், என் பேர். மாட்டிறைச்சி என்றாலே அது பாய்மார் சாப்பாடு, அவர்களுக்கு அதில் என்ன விலக்கு என்ற நினைப்பு. முப்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்துவிட்டு ஹலால் என்ற ஒரு வார்த்தை என் மண்டையில் ஏறவில்லை. யாரும் பார்க்காமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று பஸ்ஸில் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

நீ சொன்னபடியேதான் செய்தேன். உப்பும் மிளகும் பூண்டும் தடவி முதல் நாளே ஊறவைத்து, சுட்டபிறகு அரை மணி ஆறவிட்டு, நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே காகிதம் போல அரிந்தேன். ஒட்டிக்கொண்டிருக்கிற பன்னைப் பிரிக்காமல் பலகை போல நடுவில் வகுந்து, வதக்கிய வெங்காயம், இறைச்சி, சீஸ் அடுக்கி, மூடி, மேலே வெண்ணெயும் கடுகு விழுதும் பூசி எள் தூவினேன். முதலில் மூடி வைத்து, பிறகு திறந்து வைத்துச் சுட்டதில் மேல்பக்கம் தேன் நிறத்தில் வந்தது. எட்டுத் தட்டு, ஒரு பன்கூட மிஞ்சவில்லை. மாப்பிள்ளையைப் பெற்ற கமருன்னிசா அத்தை, எங்க அண்ணன் கை வச்சது என்று சொல்லிச் சொல்லிச் சம்பந்தி வீட்டாருக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் அய்யூப் பாய், ரெண்டாவது பன்னைக் கடித்துக்கொண்டே, அண்ணே நம்ம கடைக்கு வரலையே, எந்தக் கடைக் கறி இது, பஞ்சு மாதிரி இருக்கே என்று சிரித்துக்கொண்டு கேட்டார். கேட்ட அந்த நொடியில்தான் எனக்குக் கட்டையும் கத்தியும் பன்றித் தொடையும் கண் முன்னால் வந்தன. கூடத்தில் அறுபது பேர், பாதிப் பேர் வாயில் பன். வேண்டாம், சாப்பிடாதீங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாய் என்ன சொன்னது தெரியுமா, மொகல் தெருப் பக்கம் ஒரு பாய் கடை என்றது. அவர் தலையாட்டிவிட்டு மூன்றாவது பன்னை எடுத்தார்.

ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்த வீட்டிலிருந்து நமக்கு வருகிற கோழி பிரியாணி, மாட்டிறைச்சி படாத தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் ஆக்கியது என்று உனக்கே தெரியும். அந்தக் கரண்டியை அத்தை தனி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். கொரோனா வந்து உன் அம்மா மூச்சுக்குத் தவித்தபோது ஆக்சிஜன் சிலிண்டருக்கு ராத்திரி பகல் பாராமல் வரிசையில் நின்றவன் தவ்ஹீத். என் வாயில் எது படக்கூடாது என்று முப்பது வருஷம் பார்த்தவர்கள் வாயில் நான் எதை வைத்தேன் பார். வெட்கமாக இருக்கிறது அனு. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யக்கூட முடியவில்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். போன புதன்கிழமை மத்தியானம், அத்தை தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டையில பன்னியும் வெட்டினாங்களாண்ணே என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, தெரியாம சாப்பிட்டவங்களை அல்லா குத்தம் பிடிக்கமாட்டான், தெரிஞ்சே நீங்க பொய் சொன்னீங்களே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன் என்றார். எல்லோரிடமும் போய்க் காலில் விழுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம், சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா வந்த பொண்ணு இந்த வீட்டுல எப்படி நிமிர்ந்து நடக்கும், தவ்ஹீதுக்கும் தெரிய வேணாம், என்னோட போகட்டும் என்று சொல்லி, மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போன நான், என் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

முந்தாநாள் மாடிப்படியில் அய்யூப் பாய் என்னை நிறுத்தி, அண்ணே அந்த மொகல் தெருக் கடை எது, என் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு அங்கயே சொல்லிடலாம்னு பார்க்கிறேன் என்றார். பின்னால் இறங்கி வந்த அத்தை நின்று, அது எங்க வீட்டுக்காரர் வழிச் சொந்தத்துக் கடை பாய், இப்ப மூடிட்டாங்க என்றார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷி. சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

நீயும் நாலு பேருக்குச் சமைத்துப் போடுகிறவள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால், அவர்கள் எதைத் தொடமாட்டார்கள் என்று கேட்டுக்கொள். அப்பாவுக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கோபிகிருஷ்ணனிடம் ஊறுகாயும் உன் அம்மா தைத்த ரெண்டு ரவிக்கையும் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வாங்கிக்கொள். நீ போன இடத்தில் நல்ல பேரோடு, நோய்நொடி இல்லாமல், நூறு வயசு இருக்க வேண்டும். பெருநாளைக்குக் கமருன்னிசா அத்தைக்கு நீ போன் செய்வாய், மறக்காமல் செய். அந்தப் பன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் கேட்டுவிடாதே. கேட்டால், உன்னிடமும் அவர் பொய் சொல்ல வேண்டி வரும்.

தலைகுனிவோடும் பாசத்தோடும்,
உன் அப்பா
சொக்கன்