பொய்யளவு

பையனின் அம்மாவுக்கு,

நீ வேலைக்குப் போயிருக்கும் ஊரில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஸ்வெட்டரைக் கழற்றாதே. இங்கே இருவரும் சுகம்.

அவனை முழுசாகப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறாய். முகம் மட்டும் போதாதா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான். காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. பசிதான் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போகிறேன். தெருமுனை வரைக்கும் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

போன வருஷம் உடம்பு போடுகிறது என்று மாத்திரையைக் குப்பையில் கொட்டினானே, எனக்கு அந்தப் பயம்தான். அதனால் அவன் பேண்ட்டுகளைத் துவைத்ததும் நம் தையல் கடைக்குக் கொண்டுபோய், இடுப்பில் அரை இஞ்ச் பிரித்துத் தைத்து, சத்தமில்லாமல் மடித்து வைத்துவிடுவேன். ஊரார் தொப்பையை எல்லாம் டேப் போட்டுக் காட்டிக்கொடுக்கிறவன் நான். பெற்ற பிள்ளைக்கு மட்டும் பொய்யளவு.

நேற்று ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்துவிட்டது. இருபத்திரண்டு வயசு. "இவ்வளவு உடம்பு போட்டது உங்களுக்குத் தெரியலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். "அதே பேண்ட்தான் போடறான்" என்று உளறினேன்.

அவன் சிரித்தான். "அப்பா பிரிச்சுத் தைக்கிறது எனக்குத் தெரியும் டாக்டர். காட்டிக்கிட்டா பயந்துடுவார்னு விட்டுட்டேன்."

இன்று காலையில் அவனே பேண்ட்டைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்தான். "இன்னும் கொஞ்சம் விடுங்கப்பா."

உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். விடுவதற்கு இனித் துணி இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்