நரம்புக்கு உறை வளர்கிறது

ஹான்காக், மிச்சிகன்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஐலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தமுறை நிஜமாகவே நலம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி நீலோவும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது, அப்பா காலையில் தள்ளிவிட்டு வந்து காபி குடிக்கிறார், மத்தியானம் மறுபடி தள்ளுகிறார்.

எனக்கு என்னதான் ஆனது என்று கேட்டிருந்தாய். உன் பிரசவ சமயத்தில் பயமுறுத்த வேண்டாம் என்று அப்பா போனில் பாதிதான் சொன்னாராம். சரியாக வேகாத கோழிக்கறியில் வந்த வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது. அது நின்றபிறகு பாதம் மரத்தது, முழங்கால் துவண்டது, கை ஓய்ந்தது, கடைசியில் மூச்சிழுக்கவும் தெம்பில்லாமல் தொண்டையில் குழாய் வைத்து இயந்திரத்தில் போட்டார்கள். உன் பிள்ளையைத் தூக்காமலே போய்விடுவேனோ என்பதுதான் எனக்கு ஒரே நினைப்பு. காது கேட்டது, எல்லாம் புரிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. உன் சித்தி ஸெல்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியல" என்று அழுதாள். அப்பா மட்டும் அதை நம்பவில்லை. என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஹெல்மி, இப்பவாவது உண்மையச் சொல்லிடறேன், உன் ஏலக்காய் ரொட்டியவிட உன் தங்கச்சி சுடறதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றார். நான் பார்த்த பார்வையில், "பாத்தியா ஸெல்மா, தலைக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்கு, முறைக்கிறா பாரு" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் இல்லை.

அப்பா சொன்னது சரிதான் என்று நரம்பு டாக்டரம்மா பெல்டியரும் சொன்னாள். "மூளையும் தண்டுவடமும் நல்லாத்தான் இருக்கு. அங்கேருந்து கைகாலுக்குப் போற நரம்பு மேல கொழுப்பால ஒரு உறை உண்டு. கோழிக்கறியில வந்த கிருமியோட சண்டைக்குப் போன உங்க உடம்பு, ஆள் தெரியாம அந்த உறையக் கடிச்சு வெச்சிருச்சு. உறை இருந்தா செய்தி தாவித்தாவி ஓடும், இல்லாட்டி நடுவழியில நின்னுடும்" என்றாள். கால் நகரட்டும் என்று நான் நினைத்தது கீழே போய்ச் சேரவில்லை, காலில் தொட்டது மேலே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உறை திரும்ப வளருமா என்று நான் கேட்க முடியாததை அப்பா கேட்டார். "வளரும். ஆனா அவசரப்படுத்தினா கேக்காது."

உடம்பு அந்த உறையை மேலும் கடிக்காமலிருக்க இரத்தத்தைச் சுத்தப்படுத்தினார்கள். முதலில் மூச்சு திரும்பியது, அப்புறம் கை, கடைசியாகக் கால். ஆரம்பத்தில் கண்ணை மூடினால் என் கால் எங்கே கிடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. டாக்டரம்மா வரும்போதெல்லாம் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவாள், அது மரக்கட்டைபோல் கிடக்கும். போன மாதம் தட்டியதும் கால் துள்ளி அவள் கையில் ஒரு உதை. நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டேன். "நல்லா உதைங்க, இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன்" என்றாள். அந்த உதை மூளையைக் கேட்காமல் தண்டுவடமே போடும் உத்தரவாம், எனக்கே தெரியாமல் என் கால் பிழைத்துக்கொண்டது. விரல்நுனிகள் மட்டும் இன்னும் மந்தம். என் கண்ணைக் கட்டி, பொத்தானோ பட்டாணியோ கையில் வைத்து அப்பா பரீட்சை நடத்துகிறார், தப்பாகச் சொன்னால் கேலி தாங்கவில்லை.

இங்கே கோடையில் நீங்கள் வரும்போது பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயப்படாதே, உட்கார்ந்தபடிதான் வாங்கிக்கொள்வேன். கோழிக்கறியை மட்டும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடு, மறக்காதே. நீலோவின் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேலாக விரலால் மெல்லக் கோடிழுத்துப் பார், கால்விரல்கள் விசிறிபோல விரியும், கைக்குழந்தைக்கு அது சரிதான். அவனுக்கு இன்னும் உறை முழுசாகப் போர்த்தவில்லையாம், இப்போதுதான் வளர்கிறதாம். நான் நேற்று சமையலறை மேசையிலிருந்து அடுப்புவரை எதையும் பிடிக்காமல் நடந்து போனேன். அவன் தவழ்கிறானா என்று எழுது, யார் முதலில் வாசற்படி இறங்குகிறோம் என்று பார்க்கலாம்.

மூவரையும் கடவுள் காக்கட்டும்.

உன் அம்மா,
ஹெல்மி