அச்சில் விடுபட்ட பெயர்

திங்கள், ஆகஸ்ட் 5, 1957

காலையிலிருந்து மழை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகள் திருத்தவில்லை. பள்ளி விட்டதும் பஸ் பிடித்து உஜோங் பாசிரில் பியானோ டீச்சர் மிஸஸ் ரீட்டா வீடு. ஈரத்தில் பியானோவின் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்புவதில்லை. மாதக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம். அதற்கான விழாக் கச்சேரி நெருங்கிவிட்டது, நான் வாசிக்கும் இசையின் நடுப்பகுதி இன்னும் கைக்கு வரவில்லை. இதை இயற்றிய ரஷ்யக்காரருக்கு எவ்வளவு பெரிய கைகளோ. என் இடது கை எட்டாது, தாவித்தான் பிடிக்க வேண்டும். தாவினால் தப்பு.

மிஸஸ் ரீட்டா: "கோபத்தோட வாசிக்காதே."

புதன், ஆக. 7

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "கச்சேரியில யார் பாட்டும்மா?"

"ரஷ்யக்காரர் ஒருத்தர்ப்பா."

தட்டை நகர்த்திவிட்டார். "வேற ஏதாவது வாசி. எங்க ஆபீஸ் மேலதிகாரி துவான் வருவாரு."

"அவரே புரட்சிக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவர்ப்பா. செத்தும் போயிட்டார்."

"அதெல்லாம் யாரு விசாரிப்பா? ரஷ்யாவான்னு பார்ப்பாங்க, அவ்வளவுதான்."

அப்பா சும்மா பயப்படவில்லை. கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தபோது, எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார் என்று சித்தப்பாவைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அப்பா; அவருடைய சொந்தத் தம்பி. பிறகு வீட்டில் அவர் பேச்சே கிடையாது.

சனி, ஆக. 10

மணிக்கட்டு வீக்கம். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ரவிக்கைத் துணி, தைலம் வாங்கினேன்.

எனக்குத் தெரியாமல் அப்பா மிஸஸ் ரீட்டாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் என் பெயர், பக்கத்தில் 'பியானோ இசை'. இயற்றியவர் பெயர் இல்லை. அழுதேன். அப்பாவோடு பேச்சில்லை.

சனி, ஆக. 17

முடிந்தது.

மண்டபம் நிறையக் கூட்டம். நடுப்பகுதியில் ஒரு தாவல் தப்பியது, நிற்காமல் போனேன். கடைசி ஓட்டத்தில் மணிக்கட்டு எரிந்தது. முடித்ததும் கைதட்டல்.

மேடையிலிருந்து இறங்கினால், அப்பாவின் துவான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்கிறார்: "யாருடைய இசை? இதில் போடவில்லையே."

அப்பா கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், பையில் வைத்தார்.

"ரஷ்யக்காரர், துவான்." முழுப் பெயரையும் சொன்னார், உச்சரிப்பு தப்பு. "வாசிச்சது என் மகள்."

துவான் தலையாட்டிவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விட்டார். அவ்வளவுதான்.

காஜா பெராங்கில் எங்கள் வீடுவரை நடந்தே வந்தோம். அப்பா முன்னால். சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.