ஆணியில் தொங்கும் சாவி

மார்ச் 4
பேத்தி தன் ஸ்கூட்டர் வண்டியில் பாட்டுப் பெட்டி பொருத்திவிட்டாள். சீட்டைக் கழற்றி, வயர் இழுத்து, எல்லாம் ஒற்றை ஆளாய். இடது கைப்பிடியில் சின்னச் சின்ன பட்டன். கட்டைவிரலால் தொட்டால் பாட்டு மாறுது, சத்தம் ஏறுது. எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள். "என் பேத்தி கை பட்டா தப்பே வராது" என்றேன். சனிக்கிழமை, வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டும் சவுண்ட் கடைக்காரரிடம் வண்டியைக் காட்டப் போகிறாள். அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வேலை.

மார்ச் 6
மதியம் அவள் கண்ணசந்த நேரம், ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, பட்டனை அமுக்கினேன். எனக்குப் பிடித்த பழைய பாட்டையெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள்! வண்டிதான் ஓடலையே, என்ன செலவாகிவிடப் போகிறது? வெயில் இறங்கும்வரை சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுவிட்டு, அவள் எழுமுன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். மகாராணி கெட்டாள்.

மார்ச் 7
ஐயோ. வண்டி கிளம்பவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும். கடைவரை தள்ளிக்கொண்டே போனாளாம் பிள்ளை. "உன் வயரிங் பேட்டரியைக் குடிச்சிடுச்சு. சொந்த வண்டியே இப்படின்னா, அடுத்தவன் வண்டியை எப்படி உன்கிட்டக் குடுக்கிறது?" என்றாராம் கடைக்காரர்.
பாட்டு பேட்டரியைக் குடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அஞ்சாவது படிச்சவ— சும்மா சாக்கு. தெரியலேன்னா கேட்டிருக்கலாமே.
சொல்லவில்லை.

மார்ச் 8
எல்லா வயரையும் பிரித்துப் போட்டுத் தேடுகிறாள். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல பாட்டி."
டீ தம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன். தப்பு அடுப்படியில நிக்குதுடி கண்ணு.

மார்ச் 9
"எனக்கு இந்த வேலை வராது பாட்டி. பெட்டியை வித்துடறேன்" என்கிறாள். எதிர்வீட்டுக்காரி வேறு, "தப்பே வராதுன்னீங்க?" என்று குத்தினாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல்?

மார்ச் 10
பேத்தி முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. நேரே கடைக்குப் போனேன். ஒரே கூட்டம். "அவ வயரிங்ல குத்தம் இல்லைங்க. எஞ்சினைப் போடாம மதியம் பூரா பாட்டுக் கேட்டது நான்தான்." எல்லாரும் சிரித்தார்கள்.
"அவ்வளவு நேரமும் நிக்காமப் பாடுச்சா பெரியம்மா?" என்றார் கடைக்காரர்.
"கொஞ்சம்கூட கரகரப்பு இல்ல."
"அப்போ அவளை வரச் சொல்லுங்க."
வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நான் அத்தனையும் பிரிச்சப்போ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"
ஆமா. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

மார்ச் 13
வேலைக்குப் போகிறாள். சாவி இப்போது அவள் பையில். வீட்டில் இருக்கும்போதும்தான். ஆணி காலி. கேட்க எனக்கு வாய் ஏது?

மார்ச் 22
ஞாயிறு. தூங்கப் போகுமுன் சாவியை ஆணியில் மாட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் மாட்டினாள்.
நான் எதிரே உட்கார்ந்து துணி மடித்தேன். தொடவில்லை.