வைட்டமின் டப்பா வராது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இரண்டு வாரம் முன்னால் போனில் அப்படிப் பேசியிருக்க மாட்டாய். பதிலுக்கு என் வாயில் நல்ல வார்த்தை வராது என்று பட்டதால் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கல்யாணத்துக்கு எடுத்த துணியெல்லாம் தைத்து வந்துவிட்டது. சட்டைதான் உனக்குப் பத்துமோ என்னவோ. வெளிநாடு போய் உடம்பு போட்டுவிட்டாய், படத்திலேயே தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் வலிப்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வைட்டமின் டப்பாவில் போட்டுக்கொண்டு வரச் சொன்னாய். பொண்ணு வீட்டுல யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க, கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்கா என்றாய். எவ்வளவு நைசாகச் சொன்னாய்!

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சாப்பிடும் இரண்டில் ஒன்று நீ இருக்கும் நாட்டில் கட்டுப்பாடு உள்ள மருந்தாம். முன்கூட்டியே அனுமதி வாங்கி, பெயர் ஒட்டிய பெட்டியோடும் டாக்டர் கடிதத்தோடும் கைப்பையில் கொண்டுபோக வேண்டுமாம். டப்பாவுல கொட்டி எடுத்துட்டுப் போனா கடத்துறீங்கன்னுதான் நினைப்பாங்கம்மா என்றார். என்னைப் பிடித்து உள்ளே வைத்தால் உன் மாமனார் வந்து ஜாமீன் எடுப்பாரா?

அந்த டப்பா நம் வீட்டுக்குப் புதிதில்லை. அம்மா இருந்தவரை எங்கே கிளம்பினாலும் என் மாத்திரை அதில்தான் வரும். சித்தப்பா வீட்டு விசேஷத்தில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? சத்து மாத்திரைதானே என்று சித்தப்பா இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு எதிரிலேயே நாற்காலியில் குறட்டை விட்டார். குடித்திருக்கிறார் என்று சித்தி எத்தனையோ நாள் அவரோடு பேசவில்லை. அப்போதும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் மானம் போனாலும் பரவாயில்லை, என் வலிப்பு வெளியே தெரியக்கூடாது. அன்று நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் தெரியும். லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் ஒருமுறை விழுந்தேன். மறுநாள் முதலாளி மேசை முனைகளிலெல்லாம் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்துவிட்டு, வந்துட்டீங்களா, பிரேமெல்லாம் துடைக்கணும், ஒக்காருங்க என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே கேட்டுக்கொள். அனுமதிக்கு நானே எழுதிப்போட்டேன், வந்துவிட்டது. மாத்திரைகள் அவற்றின் பெட்டியிலேயே வரும், மேலே என் பெயரோடு. எல்லோரும் சாப்பிடும் மேசையில் உட்கார்ந்துதான் விழுங்குவேன். மைக் பிடித்து அறிவிக்கப் போவதில்லை. ஆனால் யாராவது எதுக்கு என்று கேட்டால் வலிப்புக்கு என்பேன். அதைக் கேட்டு நின்றுபோகிற கல்யாணம் என்றால் இப்போதே நிற்கட்டும்.

இஷ்டமில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். சே, பொய் எதற்கு, கோபித்துக்கொள்வேன். அழவும் செய்வேன். உன்னை மாப்பிள்ளையாகப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும். ஆனால் ஒளிந்துகொண்டு வந்து பார்க்க மாட்டேன்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டேன். கூட்டம் கூடிவிட்டதாம். நீ என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உன் சட்டையைக் கழற்றித் தலைக்கடியில் கொடுத்துவிட்டு, எங்க அக்காதான், வேடிக்கை பாக்காம போங்க எல்லாரும் என்று கத்தினாயாம். கண்டக்டர் வீடு தேடி வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது. எனக்கு இன்று வரைக்கும் பெருமையாக இருக்கிறது.

நீயும் அவளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வைட்டமின் டப்பாக்காரன் வர வேண்டாம். சட்டையில்லாமல் நின்று கத்தினானே, அந்தப் பயலை அனுப்பி வை.

உன்
அக்கா